சாட்சி இல்லாத நிரபராதி

(கோவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டவனைப் பற்றிய திகில் படங்கள் என்பது எனக்குத் தந்த பொருள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர், “ஹிட்ச்காக்கைப் பற்றித்தானே பேசப் போறீங்க?” என்று கேட்டார். பேசுவேன், ஆனால் சுருக்கமாக. மீதி நேரத்துக்கு நான் கோவையின் புலியகுளத்தையும் சிங்காநல்லூரையும் விட்டு அதிகம் நகர்வதாக இல்லை. இடையில் ஒருமுறை குண்டூர் வரை போக வேண்டியிருக்கும். அது நம்ம ஊர்க்காரர் ஒருவரைத் தேடி.

ஹிட்ச்காக் 1956இல் எடுத்த படம் ‘தி ராங் மேன்’. தப்பான ஆள். நியூயார்க்கில் ஸ்டார்க் கிளப் என்ற கேளிக்கை விடுதியில் டபுள் பாஸ் வாசித்துக் கொண்டிருந்தவர் மேனி பலஸ்ட்ரெரோ. 1953 ஜனவரியில், மனைவியின் பல் வைத்தியச் செலவுக்காக, அந்த மனைவியுடைய இன்ஷூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்க முடியுமா என்று கேட்க ஒரு அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே வேலை செய்யும் பெண்கள், முன்பு வந்து கொள்ளையடித்துப் போனவன் இவன்தான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். போலீஸ் அவரைக் கடை கடையாக ஏற்றி இறக்கி அடையாளம் பார்க்கிறது. கொள்ளைக்காரன் எழுதிய சீட்டை அவரையும் எழுதச் சொல்கிறார்கள். அவன் எந்தச் சொல்லில் எழுத்துப் பிழை செய்திருந்தானோ, அதே சொல்லில் அதே பிழையை இவரும் செய்கிறார். கதை முடிந்தது.

இது நடந்த கதை. ஹென்றி ஃபோண்டா நடித்தார். தன் மற்ற படங்களில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு நொடி தலைகாட்டிப் போகும் ஹிட்ச்காக், இதில் தொடக்கத்திலேயே நேராக வந்து நின்று, இதில் ஒவ்வொன்றும் உண்மை என்று அறிவிக்கிறார்.

இந்தப் படத்தில் துரத்தல் கிடையாது, துப்பாக்கிச் சண்டை கிடையாது. ஆனாலும் நாற்காலி நுனியில் உட்கார வைக்கிறது. கொள்ளை நடந்த நாளொன்றில் தானும் மனைவியும் வெளியூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தது அவருக்கு நினைவு வருகிறது. மழை பெய்தது. சீட்டாடினார்கள். கூட ஆடியவர்கள் வந்து, “ஆமாம், எங்களோடுதான் இருந்தார்” என்று சொல்லிவிட்டால் போதும். தேடிப் போகிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார். அடுத்தவரைத் தேடுகிறார்கள். அவரும் இறந்துவிட்டார். மனைவிக்கு மனம் கலங்கிப்போவது அந்த இடத்திலிருந்துதான்.

இந்த வகைப் படங்களின் திகில் முழுக்க எனக்கு அங்கேதான் இருக்கிறது. கொலையை யார் செய்தார், நகையை யார் எடுத்தார் என்பதெல்லாம் துப்பறியும் கதைக்காரரின் கவலை. நிரபராதியின் கதையில் நம் நெஞ்சு அடித்துக்கொள்வது வேறொன்றுக்கு: இவனுக்காக வாய் திறக்க யாராவது இருக்கிறார்களா? தியேட்டரில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அவன் குற்றமற்றவன் என்று தெரியும். நேரில் பார்த்தவர்கள் நாம். ஆனால் எழுந்து கூண்டேறிச் சாட்சி சொல்ல வழியில்லை. அந்தத் தவிப்புக்குத்தான் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம்.

தமிழில் இந்தக் கதைக்கு வயது அதிகம். கோவலனை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய்த் தன் சிலம்பை விலை பேசுகிறான். அரசனுக்குச் சேதி போகிறது, காவலர் வருகிறார்கள். பலரும் விட்டுவிடும் ஓர் இடம் இங்கே உண்டு. வந்த காவலர்களுக்கே சந்தேகம் வருகிறது: இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே! பொற்கொல்லன் அவர்களை உட்காரவைத்துக் களவு நூல் பாடம் நடத்துகிறான். கள்வர் எப்படியெல்லாம் வேடம் போடுவார்கள், மந்திரம் மருந்து தந்திரம் எல்லாம் எப்படிக் கையாளுவார்கள் என்று. கூட்டத்தில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். மதுரையில் கோவலன் புது ஆள். அவனை அறிந்தவர்கள் இடைச்சேரியில் இருக்கிறார்கள். கண்ணகி வந்து, பரல் முத்தா மாணிக்கமா என்று சிலம்பை உடைத்துக் காட்டும்போது வழக்கு ஜெயித்துவிடுகிறது, ஆள் இல்லை. கண்ணகிக்கு விழா எடுத்தவர்களில் கொங்கிளங்கோசரும் உண்டு என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்வதை இந்த ஊரில் நினைவுபடுத்தாமல் போகக் கூடாது. நமக்கும் அந்தக் கதைக்கும் உறவு பழையது.

சரி, சினிமாவுக்கு வருவோம். 1905இல் திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த நம் ஊர் சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதையும், 1914இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டியதையும் இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. முப்பதுகளில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. தியாகராஜ பாகவதரின் ‘சிவகவி’ 1943இல் அங்கே உருவாயிற்று. முதலில் ராஜா சாண்டோ இயக்கினார், கருத்து வேறுபாட்டால் விலகினார், எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்து முடித்தார். அடுத்த ஆண்டு ‘ஹரிதாஸ்’. அதுவும் கோவையில் எடுத்த படம். 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது.

அந்த முதல் தீபாவளி அக்டோபர் 16. நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில், வக்கீல் வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த சி. என். லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்தார். ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையில் நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று கண்டதையும் எழுதியவர். பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து அதன் லைசென்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் ‘இந்து நேசன்’ என்ற வேறொரு பத்திரிகையை வாங்கித் தொடர்ந்து எழுதினார். கொலை நடந்ததும் அந்த மனு ஒன்றே மூவரையும் சுட்டிக்காட்டப் போதுமானதாகிவிட்டது. பகை இருக்கிறது, பணம் இருக்கிறது, பிறகென்ன? குற்றம் சாட்டப்பட்டவர்களின் பட்டியலில் மூவரும் சேர்ந்தார்கள்.

அன்றைய டீக்கடைப் பேச்சை ஊகிப்பது சிரமமில்லை. “ஒண்ணுமில்லாமயா புடிச்சுட்டுப் போவாங்க? நெருப்பில்லாமப் பொகையுமாங்க?” இதே வாய்கள்தான் அதே வாரம் ‘ஹரிதாஸ்’ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. படமோ ஓடிக்கொண்டே இருந்தது, கதாநாயகன் உள்ளே இருந்தார்.

அதற்கு மூன்று ஆண்டு முன் வந்த ‘அசோக்குமார்’ படத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதில் பாகவதர் அசோகனின் மகன் குணாளன். சிற்றன்னை திஷ்யரட்சிதை அவன் மேல் ஆசைப்பட்டு, அவன் மறுத்ததும் பழியைத் திருப்பிப் போடுகிறாள். தந்தை நம்பிவிடுகிறான், மகன் கண்களை இழக்கிறான். கண்ணாம்பா சிற்றன்னை, சித்தூர் வி. நாகையா அசோகன், என். எஸ். கிருஷ்ணனும் அதில் உண்டு. ஜனங்கள் தியேட்டரில் அழுதார்கள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறும் பாகவதருக்காகக் கண்ணீர் விட்ட அதே ஜனங்களில் எத்தனை பேர் 1944 டிசம்பரில் அதே நினைப்போடு இருந்தார்கள்? இந்து நேசனைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களும் அவர்கள்தானே! லட்சுமிகாந்தனை மட்டும் தனியாகத் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாசகர் இல்லாமல் எந்த மஞ்சள் பத்திரிகையும் ஒரு வாரம் தாண்டாது.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஒன்பது ஜூரிகளை வைத்து நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அப்ரூவராக மாறியிருந்தார். 1945 மே 3ஆம் தேதி தீர்ப்பு. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஆறு ஜூரிகள் சொன்னார்கள், மூவர் இல்லை என்றார்கள். ஆறுக்கு மூன்று. ஆயுள் தண்டனை.

அடுத்து நடந்தது சட்டக் கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டியது. உயர் நீதிமன்றமே ஜூரி வைத்து விசாரித்த வழக்கில், சம்பவ உண்மைகளைக் கிளறி மேல்முறையீடு செய்ய அதற்குச் சில ஆண்டு முன்புவரை வழியே இல்லை. 1943இல் வந்த சட்டத் திருத்தம்தான் அந்தக் கதவைத் திறந்தது. திறந்த கதவில் நுழைய நீதிபதிகளுக்கே தயக்கம். 1945இல் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனார்கள். உங்கள் அதிகாரத்தை நீங்களே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, சாட்சியத்தை எடைபோட்டு மறுபடி விசாரியுங்கள் என்று வழக்கு சென்னைக்குத் திரும்பி வந்தது. வி. எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரல் 25இல் பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலை ஆனார்கள். இரண்டாண்டுக்கு மேல் சிறையில் போயிருந்தது.

அதே காலத்தில், 1946 ஜனவரி 8ஆம் தேதி, இதே கோவை மத்தியச் சிறையில் சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர்கள் நால்வர் ஒரு வழக்கில் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் இன்று போகவில்லை. ஆயுள் தண்டனை பெற்றவரைத் திரும்பக் கூப்பிட்டு மறுவிசாரணை நடத்தலாம், தூக்கில் போட்டவரை முடியாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

விடுதலைக்குப் பின் என்ன ஆயிற்று? கிருஷ்ணன் மீண்டு எழுந்தார். அவர் உள்ளே இருந்தபோதே மனைவி மதுரம் தொடங்கிய ‘பைத்தியக்காரன்’ படத்தில் அவருக்கும் ஒரு வேடம் சேர்த்தார்கள். ‘நல்லதம்பி’ வந்தது, ‘மணமகள்’ வந்தது. பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’ என்று வந்த படங்கள் எதுவும் அவரைப் பழைய இடத்தில் நிறுத்தவில்லை. 1959 நவம்பர் 1இல் காலமானார். நீதிமன்றம் எழுதித் தந்த ‘குற்றமற்றவர்’ என்ற தாளைச் சந்தையில் யாரும் சில்லறை மாற்றித் தரவில்லை. அந்தக் கதையில் நிரபராதிகள் விடுதலையானார்கள், குற்றவாளி அகப்படவில்லை. லட்சுமிகாந்தன் எப்படிப்பட்டவராக இருந்தாலும் கொலையுண்ட மனிதர். அவருக்கு நியாயம் கிடைக்கவே இல்லை என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஹிட்ச்காக் படத்தில் கடைசியில் உண்மையான கொள்ளைக்காரன் சிக்குகிறான். வேப்பேரிக் கதையில் அந்த ரீல் இல்லை.

இனி, மூவரில் முதலில் வெளியே வந்தவர். ஸ்ரீராமுலு நாயுடு கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோவை நடத்தினார். 1950இல் அவர் தயாரித்து, கே. ராம்நாத் இயக்கத்தில் வந்த படம் ‘ஏழை படும் பாடு’. விக்டர் யூகோவின் நாவலை சுத்தானந்த பாரதியார் அந்தப் பெயரில்தான் தமிழில் தந்திருந்தார். தண்டனை முடிந்த பிறகும் போலீஸ் நிழல் விடாமல் தொடரும் மனிதன் கந்தன். நடித்தவர் நாகையா. ‘அசோக்குமார்’ படத்தில் பழியை நம்பி மகனைத் தண்டித்த அதே நாகையா. விரட்டும் இன்ஸ்பெக்டர் ஜாவர் வேடத்தில் வந்தவர் சீதாராமன். அந்த வேடம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு, கடைசிவரை ஜாவர் சீதாராமன் ஆனார். யூகோவின் நாவலில் ஓர் இடம் உண்டு. முகச்சாயல் ஒத்துப்போன ஓர் அப்பாவியை, ஓடிப்போன கைதி இவன்தான் என்று கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். அவனைத் தெரியும் என்று பழைய கைதிகள் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையான கைதி இப்போது ஊரே மதிக்கும் பெரிய மனிதர். அவர் எழுந்து, “அது நான்தான்” என்று சொன்னாலொழிய இவனுக்கு மீட்சி இல்லை. சொல்கிறார். ஒரு நிரபராதிக்காகக் குற்றவாளியே சாட்சி. இதைவிடப் பெரிய திகில் காட்சியை எந்தச் சினிமாக்காரரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

1954இல் ‘மலைக்கள்ளன்’. நம் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல், கருணாநிதியின் வசனம், எம். ஜி. ஆர்., பானுமதி. பெரிய மனிதர் செய்யும் குற்றமெல்லாம் மலையில் இருக்கும் கள்ளன் தலையில் விழுகிறது. ஊரில் மதிப்போடு உலாவும் வியாபாரி அப்துல் ரகீமும் கள்ளனும் ஒரே ஆள் என்பது நமக்கு மெல்ல விளங்குகிறது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. ஆறு மொழிகளில் வந்தது. இந்தியில் ‘ஆசாத்’ என்று நாயுடுவே எடுக்க, திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோவைக்கு வந்து நடித்துவிட்டுப் போனார்கள். அந்த வேடத்துக்காகத் திலீப்குமாருக்கு ஃபிலிம்பேர் விருது.

கூண்டில் நின்று மீண்ட ஒருவர், அதன் பிறகு பழி சுமப்பவர்களின் கதைகளாகவே பார்த்து எடுத்தார் என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். நான் அப்படி எழுதமாட்டேன். ஸ்டுடியோ நடத்துபவருக்கு வட்டி கட்ட வேண்டும், எது ஓடும் என்று பார்த்துத்தான் எடுப்பார். அவர் புராணப் படமும் எடுத்தார், குடும்பக் கதையும் எடுத்தார். ஆனால் இந்த இரண்டு படங்களிலும் எனக்குப் படும் ஒன்றைச் சொல்கிறேன். ஜாவர் லஞ்சம் வாங்குபவன் இல்லை, கொடூரன்கூட இல்லை. தனக்குத் தெரிந்தது சரி என்பதில் துளி ஐயமும் இல்லாதவன், அவ்வளவே. நிரபராதிக்கு எமனாக வருபவர்களில் வில்லன்களைவிட இந்த மாதிரி ஆட்களே அதிகம். இன்ஷூரன்ஸ் அலுவலகத்துப் பெண்களும் பொய் சொல்லவில்லையே, நம்பினார்கள்.

பக்கத்தில் சேலத்திலும் கடை விரித்திருந்தார்கள். திருச்செங்கோட்டு டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸில் 1950இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலிலிருந்து வந்தது. நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு உண்மையைக் கறந்தெடுப்பார். சென்னையில் ஏவிஎம் 1954இல் எடுத்த ‘அந்த நாள்’ பாட்டே இல்லாத படம். எஸ். பாலசந்தர் இயக்கினார். நம் ஜாவர் சீதாராமனே எழுதி, சி.ஐ.டி. அதிகாரியாகவும் நடித்தார். ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்ட, ஆளுக்குப் பத்து நிமிடம் தப்பான ஆளாக நிற்கிறார்கள். நல்ல படம். ஆனால் அதில் எல்லோருக்கும் வீடு இருக்கிறது, விலாசம் இருக்கிறது, பேச மொழி இருக்கிறது. அந்த மூன்றும் இல்லாதவன் மாட்டினால்?

அதற்குத்தான் குண்டூர் போக வேண்டியிருக்கும் என்றேன். மு. சந்திரகுமார் கோவைக்காரர், ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோ சந்திரன் என்றால் இங்கே சிலருக்குச் சட்டென்று விளங்கும். இளம் வயதில் ஊரைவிட்டுப் போய், ஆந்திராவில் குண்டூரில் வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தபோது, 1983இல் அவரையும் உடன் இருந்த சிலரையும் போலீஸ் பிடித்துப் போனது. என்ன குற்றம் என்றே தெரியாமல் ஏறத்தாழ இரண்டு வாரம் லாக்கப்பில் அடி. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்காக. பிறகு சில மாதம் சிறை. ஊர் திரும்பி, ஆட்டோ ஓட்டி, அதையெல்லாம் ‘லாக்கப்’ என்று எழுதினார். 2006இல் புத்தகமாக வந்தது. நடந்தது முடிந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அவருக்கான சாட்சியத்தை அவரே சொல்ல முடிந்தது.

வெற்றிமாறன் அதை ‘விசாரணை’ ஆக்கினார். 2015இல் வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள். 2016 பிப்ரவரியில் இங்கே வந்தது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது, துணை நடிகராகச் சமுத்திரக்கனிக்கு, படத்தொகுப்புக்காக மறைந்த கிஷோருக்கு. ஆஸ்கருக்கும் இந்தியா அந்தப் படத்தைத்தான் அனுப்பியது. அடிக்கும் காட்சிகளைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் படத்தின் முதுகெலும்பு வேறு. கதாநாயகன் பாண்டியும் கூட்டாளிகளும் பூங்காவில் படுத்துத் தூங்குபவர்கள். அவர்கள் நேற்றிரவு எங்கே இருந்தார்கள் என்று யார் சொல்வது? கோர்ட்டில் நிறுத்தியபோது அவர்கள் பேசுவது நீதிபதிக்குப் புரியவில்லை. தற்செயலாக அங்கே வந்த தமிழ்நாட்டுப் போலீஸ் அதிகாரி ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்கிறார். அதனால் வெளியே வருகிறார்கள். அவர் வேறு வேலையாக வந்தவர், அன்று வராமல் இருந்திருந்தால் அவ்வளவுதான்.

பிறகு படம் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அதே பையன்கள் ஒரு போலீஸ் ஸ்டேஷனில், நன்றிக்கடனாகக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுகிறார்கள். முதல் பாதியில் சாட்சி இல்லாததால் அடிபட்டவர்கள், இரண்டாம் பாதியில் தாங்களே சாட்சியாகிவிட்டதால் கொல்லப்படுகிறார்கள். இரண்டாம் பாதி சந்திரகுமாரின் புத்தகத்தில் இல்லாதது, வேறு சம்பவங்களை வைத்துச் சேர்த்தது. ஒட்டவில்லை என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. எனக்கு அந்த ஒட்டுதான் படத்தையே தூக்கி நிறுத்துகிறது. நிரபராதிக் கதையை ஹிட்ச்காக் கொண்டுபோய் விட்ட இடத்துக்கு அப்பால் நம் ஆள் கொண்டுபோய்விட்டார் என்றே சொல்வேன். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் எத்திராஜ் கிடைத்தார், லண்டன்வரை போகப் பணம் கிடைத்தது. அவர்களுக்கே இரண்டாண்டு போயிற்று. பூங்காவில் படுப்பவனுக்குக் கணக்கு எப்படி வரும்?

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். குண்டூரில் நம் பையன்கள் நின்ற இடத்தில் இன்று நம் ஊரில் யார் நிற்கிறார்கள்? திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், கோவையின் ஃபவுண்டரிகளிலும், கட்டடங்களிலும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள். ஒரு ரூமில் ஏழெட்டுப் பேர். எங்கேயாவது செயின் அறுந்தால், வண்டி காணாமல் போனால், விசாரிப்பதற்கு முன்பே நம் வாயில் வருவது என்ன? “வடக்கத்திக்காரப் பசங்களாத்தான் இருக்கும்.” படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், ‘விசாரணை’ பார்த்துக் கலங்கியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களில் குற்றம் செய்பவன் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். ஆனால் சந்தேகப்பட ஒரு மூஞ்சி, ஒரு பாஷை போதும் என்றால் நாமும் அந்த இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டோம் என்று பொருள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனது நினைவிருக்கும். செய்யாததைச் செய்ததாகச் சொன்னபோது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! அந்தக் கோபம் நியாயமானது. அதையே அந்தப் பையன்களுக்காகவும் கொஞ்சம் படலாம்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1996 டிசம்பர் 18இல் டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சினிமாக்காரர்கள் யாரும் படமாக எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒருவரைக் கைது செய்தால் அப்போதே, நாள், நேரம் போட்டுக் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ, அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் வேறு மாவட்டத்திலோ வெளியூரிலோ இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் சேதி போக வேண்டும். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். கைதுக் குறிப்பும் அதன் சாட்சிக் கையெழுத்தும் பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறின. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்திலும் இருக்கின்றன. 1983இல் குண்டூரில் இப்படி ஒரு காகிதமும் அதில் ஒரு மளிகைக் கடைக்காரரின் கையெழுத்தும் இருந்திருந்தால் ‘லாக்கப்’ என்ற புத்தகம் எழுதப்படாமலே போயிருக்கலாம்.

அந்தப் பகுதியில் மதிப்புள்ளவர் என்று சட்டம் சொல்வது யாரை? கவுன்சிலரை மட்டுமல்ல. வீட்டு ஓனர், கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், வங்கி ஊழியர். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர். நமக்கு எதுக்குங்க வம்பு என்று கதவைச் சாத்திக்கொள்வது எல்லோருக்கும் இயல்பு, எனக்கும்தான். கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்குமே என்ற பயம் பொய்யான பயமும் அல்ல.

இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் பையனைப் போலீஸ் கூட்டிப்போக வந்தால் வெளியே வாருங்கள். மரியாதையாகவே கேளுங்கள்: எந்த ஸ்டேஷனுங்க, என்ன வழக்குங்க, எழுதியாச்சுங்களா? கைதுக் குறிப்பை நீட்டினால், நாளும் மணியும் சரியாகப் போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அவன் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். சட்ட உதவிக்கான இலவச எண் 15100, அதை அவன் ரூம் கதவில் எழுதி ஒட்டுங்கள். அவன் குற்றவாளியா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. நேற்றிரவு அவன் எங்கே இருந்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதை மட்டும் போய்ச் சொல்லுங்கள்.